வெங்காய வேர் ஸ்லைடு போடுறது எப்படி, அதுல சென்ட்ரோசோமை ஏன் தேடக் கூடாது

ப்ராக்டிகல் நெருங்குனா இங்க பயலுக ரெக்கார்டு நோட்டுல வெங்காய வேர் செல்லு பிரியற படம் வரைவாய்ங்க, வரைஞ்சு முடிச்சிட்டு செல்லோட ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு குச்சி போட்டு, சுத்தி கதிர் கதிரா கோடு இழுத்து, சென்ட்ரியோல்னு அம்புக்குறி போட்டுருவாய்ங்க. படம் அழகா தான் இருக்கும், ஆனா வெங்காயத்துல சென்ட்ரியோல்னு ஒண்ணு கெடையவே கெடையாது. விலங்கு செல்லுக்கு கைடுல போட்டிருக்குற படத்தை அப்படியே வெங்காயத்துக்கு எறக்குன வேலை அது. சென்ட்ரியோல்ங்கிறது விலங்கு செல்லுல இருக்குற குட்டிக் குழாய், அந்தக் குழாய் ரெண்டும் அதச் சுத்துன புரதமும் சேந்தது தான் சென்ட்ரோசோம்.

அதனால இந்த குறிப்புல ரெண்டு வேலையும் சேந்தே வரும். ஸ்லைடு உருப்படியா போடணும், அந்த ஸ்லைடை வச்சுக்கிட்டே சென்ட்ரோசோம் என்ன வேலை பாக்குது, எது அதோட வேலை இல்லன்னு புரிஞ்சுக்கணும். ஒரு சாமான் இல்லாமயே வேலை நடக்கறத கண்ணால பாத்தா தான் அந்த சாமான் எதுக்குன்னு சரியா வெளங்கும், அது என் அபிப்ராயம்.

முதல்ல வெங்காயம். நம்ம மதுரைல மாட்டுத்தாவணி, பரவை, உழவர் சந்தை எங்க வேணா வாங்குங்க, ஆனா சின்ன வெங்காயமா வாங்குங்க, பெரிய வெங்காயத்த விட அது எனக்கு சீக்கிரமா வேர் விட்டுக் குடுக்குது. அடில காஞ்சு போன பழைய வேர் தாடி தாடியா இருக்கும்ல, அத பிளேடால மெதுவா சொரண்டி எடுங்க, அடித்தட்டு வெட்டுப்படாம. டம்ளர்ல வச்சா சின்ன வெங்காயம் உள்ள விழுந்துரும், அதனால வாய் சின்னதா இருக்குற மருந்து பாட்டிலா பாருங்க, இல்லன்னா ரெண்டு ஈர்க்குச்சிய குறுக்க குத்தி டம்ளர் விளிம்புல தொங்க விடுங்க. தண்ணி அடிய மட்டும் தொட்டா போதும், முழுசா முக்கி வச்சா ரெண்டே நாள்ல அழுகி நாறும். குழாய்த் தண்ணில குளோரின் வாசம் அடிச்சா ராத்திரி பூரா ஒரு பாத்திரத்துல திறந்து வச்சுட்டு காலைல ஊத்துங்க. தெனம் தண்ணி மாத்துங்க.

சித்திரை வைகாசில இந்த வேலை பாக்குறவங்களுக்கு தனியா சொல்லணும், நம்ம ஊரு வெயிலுக்கு ஜன்னல்ல வச்ச தண்ணி கொதிக்கிற மாதிரி ஆயிரும், வேர் வரும், ஆனா அதுல செல் பிரியறது கொறஞ்சு போயிரும். வீட்டுக்குள்ள மண்பானை வச்சிருக்குற மூலைல, கொஞ்சம் குளுமையா இருக்குற எடத்துல வைங்க. வேர் 2 செ.மீ. கிட்ட வந்ததும் வெட்டிரணும், நீளமா விட்டா நல்லதுன்னு நெனைக்காதீங்க.

காலைல 8லேர்ந்து 10க்குள்ள வெட்டச் சொல்லி ப்ராக்டிகல் புக்குல போட்டிருக்கும், அதையே கடைப்பிடிங்க. வெட்டுன வேர் நுனிய ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட், மூணு பங்கு எத்தனால் கலந்ததுல 24 மணி நேரம் போட்டு வைக்கணும். கலவை அன்னன்னைக்கு புதுசா கலக்கணும். எத்தனால் வாங்குறது தான் ரோதனை, பர்மிட் அது இதுன்னு கேப்பாய்ங்க, ஸ்கூல்ல ஏற்கனவே வாங்கி வச்சிருந்தா தப்பிச்சீங்க. அதுவும் இல்லன்னா வெட்டுன கையோட பச்சை வேரையே நேரா சாயத்துல போட்டும் பாக்கலாம், அசிட்டோகார்மின்லயே அசிட்டிக் ஆசிட் இருக்குறதால செல்லு அந்த நிலையிலயே நின்னுரும். படம் அவ்வளவு தெளிவா இருக்காது, ஆனா மோசமில்ல.

ஆசிட் வேலை எல்லாம் ஸ்கூல் லேப்ல, சார் இல்ல மிஸ் பக்கத்துல இருக்கும்போது மட்டும். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேணும், அடர் ஆசிட் 8.3 மி.லி. எடுத்து தண்ணில ஊத்தி 100 மி.லி.க்கு கொண்டு வாங்க. தண்ணில தான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தக் கூடாது. இந்த ஆசிட்ல வேர் நுனிய 60 டிகிரி கிட்ட இதமான சூட்டுல 5 நிமிஷத்துலேருந்து 10 நிமிஷம் வச்சா செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்குற பெக்டின் எளகிரும். இத விட்டுட்டு பாதி பேரு நேரா நசுக்குவாய்ங்க, அப்புறம் செல்லெல்லாம் மேல மேல குமிஞ்சு ஒண்ணுமே தெரியலன்னு மைக்ராஸ்கோப்ப திட்டுவாய்ங்க.

ஆசிட்ட கழுவிட்டு அசிட்டோகார்மின் இல்ல அசிட்டோ ஆர்சின் ரெண்டு மூணு சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கு மேல லேசா காட்டுங்க, கொதிக்கக் கூடாது, காயவும் கூடாது. கொஞ்ச நேரத்துல நுனி மட்டும் கருஞ்சிவப்பா மாறும், மேல மேல போக வெளுப்பா இருக்கும். அந்த கருத்த ரெண்டு மில்லிமீட்டர் தான் நமக்கு வேணும், மிச்சத்த வெட்டி எறிங்க. மனசு கேக்காம நீளமா வச்சீங்கன்னா நீண்டு வளந்து முடிஞ்ச செல்லு தான் கண்ணுல படும், அதுல பிரியற வேலை எதுவும் நடக்காது. ஒரு சொட்டு தண்ணியோ 45 சதவீத அசிட்டிக் ஆசிட்டோ விட்டு கவர்ஸ்லிப் போட்டு, பென்சில் பின்பக்கத்தால டொக் டொக்குனு தட்டுங்க, அப்புறம் மேல பிளாட்டிங் பேப்பர மடிச்சு வச்சு கட்டைவிரலால நேரா கீழ அமுக்குங்க. பக்கவாட்டுல நகந்துச்சுன்னா செல்லெல்லாம் உருண்டு சுருண்டுரும். கவர்ஸ்லிப் உடையத் தான் செய்யும், நாலஞ்சு கூடுதலா வச்சுக்கங்க.

முதல்ல 10எக்ஸ்ல கட்டங்கட்டமா நெருக்கமா இருக்குற எடத்த கண்டுபிடிச்சிட்டு அப்புறம் 40எக்ஸுக்கு போங்க. பாக்குற செல்லுல முக்காவாசிக்கு மேல இன்டர்ஃபேஸ்ல, அதாவது பிரியாத நிலைல தான் இருக்கும், நியூக்ளியஸ் உருண்டையா சிவப்பா, வேற எதுவும் நடக்காத மாதிரி. இதுல சோர்ந்து போகாதீங்க, மனுஷ செல்லு ஒரு சுத்து முடிக்க 24 மணி நேரம் எடுக்குதுன்னா அதுல பிரியறதுக்கு ஒரு மணி நேரம் போல தான் ஆகும்னு பாடத்துலயே இருக்குல்ல, வெங்காயத்துலயும் எப்பப் பாத்தாலும் பிரிஞ்சுக்கிட்டு இருக்குற செல்லு கொஞ்சம் தான் மாட்டும். நூல்கண்டு அவுந்த மாதிரி இருந்தா புரோஃபேஸ். நடுவுல வரிசை கட்டி நின்னா மெட்டாஃபேஸ். வி ஷேப்புல ரெண்டு பக்கமா போய்க்கிட்டு இருந்தா அனாஃபேஸ். நல்லா நசுங்குன செல்லு கெடைச்சா எண்ணிப் பாருங்க, வெங்காயத்துக்கு குரோமோசோம் மொத்தம் 16.

இப்ப அந்த அனாஃபேஸ் செல்லுலயே நில்லுங்க. ரெண்டு ஓரத்தையும் பாருங்க. ஒண்ணும் இருக்காது. இங்க ஒரு கெட்டிக்காரப் பய கேப்பான், சார் நம்ம சாயம் குரோமோசோம மட்டும் தான பிடிக்கும், குரோமோசோம பிடிச்சு நகத்துற கதிர் இழையே தெரியல, சென்ட்ரியோல் எப்படி தெரியும்னு. நியாயமான கேள்வி. விலங்கு செல்லா இருந்தாலும் சென்ட்ரியோலோட குறுக்களவு 0.2 மைக்ரோமீட்டர் தான், சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பு பிரிச்சுக் காட்டுற எல்லையே ஏறக்குறைய அது தான், உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்னா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வேணும். ஆனா வெங்காயத்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தாலும் இருக்காது. பூக்குற செடி எதுக்குமே இல்ல, மல்லிக்கும் இல்ல வாழைக்கும் இல்ல. செடி செல்லுல கதிர் இழைகள் நியூக்ளியஸ சுத்திலும் இருந்து கெளம்பி அப்புறமா ரெண்டு முனையா ஒழுங்காகுது, முனையும் கூரா இருக்காது, அகலமா இருக்கும். ரெக்கார்டுல வரையும்போது இந்த அகலமான முனைய வரைஞ்சீங்கன்னா பாக்குறவரு நிமிந்து உக்காருவாரு.

சரி, இருக்குற எடத்துல அது எப்படி இருக்கு. விலங்கு செல்லுல நியூக்ளியஸுக்கு பக்கத்துல ரெண்டு சென்ட்ரியோல் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா நிக்கும், ஒவ்வொண்ணும் மூணு மூணு நுண்குழலா (மைக்ரோடியூபுல், கதிர் இழையும் இதால ஆனது தான்) ஒம்போது கட்டு வட்டமா அடுக்குன குழாய், நீளம் 0.5 மைக்ரோமீட்டர் கிட்ட. அதச் சுத்தி புரதங்களோட ஒரு மேகம். சென்ட்ரியோலு சென்ட்ரியோலுன்னு எல்லாரும் அந்த குழாயத் தான் வரையறாங்க, ஆனா நுண்குழல் மொளைக்கிறது அந்த மேகத்துலேருந்து தான், காமா டியூபுலின்னு ஒரு புரதம் வளையமா உக்காந்து நுண்குழலுக்கு அடி போட்டுக் குடுக்கும். சென்ட்ரியோல் அந்த மேகத்த ஒரே எடத்துல கூட்டி வச்சிருக்கும். ரெண்டும் சேந்தது தான் சென்ட்ரோசோம்.

செல்லு பிரியறதுக்கு முன்னாடி, எஸ் ஃபேஸ்ல டி.என்.ஏ. ரெட்டிக்கிற சமயத்துலயே, ஒவ்வொரு பழைய சென்ட்ரியோலோட இடுப்புலயும் ஒரே ஒரு புதுசு மொளைக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு தான். இந்த கணக்க பாத்துக்குறது பி.எல்.கே.4னு ஒரு என்ஸைம், அது அளவுக்கு மேல போனா சென்ட்ரியோலும் அளவுக்கு மேல போயிரும். அப்புறம் ஜோடி ஜோடியா பிரிஞ்சு ஆளுக்கொரு முனைக்கு போய், கதிர் இழையெல்லாம் சேந்த கதிர்கோலோட ரெண்டு துருவமா நிக்கும்.

இந்த எடத்துல பாடம் எடுக்குற எல்லாரும் பொங்கல் கயிறு இழுக்குற போட்டிய சொல்லுவாய்ங்க, ரெண்டு பக்கமும் சென்ட்ரியோல் நின்னு குரோமோசோம கயிறு கட்டி இழுக்குதுன்னு. பாதி தான் சரி. போட்டில கயிறு அப்படியே இருக்கும், ஆளு பின்னாடி நகருவான். செல்லுல கயிறே கரையுது, அதுவும் பெரும்பாலும் குரோமோசோம் பிடிச்சிருக்குற நுனில, அந்த நுனி கரையக் கரைய குரோமோசோம் அத விடாம பிடிச்சுக்கிட்டே துருவத்துக்கு வந்து சேருது. அதனால தான் சென்ட்ரியோல் இல்லாத வெங்காயத்துலயும் குரோமோசோம் நகருது. நகத்துற வேலை நுண்குழலோடது.

நுண்குழல பறிச்சா என்னாகும்னு காட்டுறதுக்கு நம்ம பக்கமே ரெண்டு செடி இருக்கு. கண்வலிக்கிழங்கு, அதான் செங்காந்தள், கார்த்திகைப் பூன்னும் சொல்லுவாங்க, தமிழ்நாட்டு மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காக பந்தல் போட்டு வெவசாயமே பண்றாங்க. அந்த விதைலயும் கிழங்குலயும் கோல்சிசின் இருக்கு. அது நுண்குழலுக்கு செங்கல் மாதிரி இருக்குற டியூபுலின்ங்கிற புரதத்த போய் பிடிச்சுக்கும், நுண்குழல் கட்ட விடாது, செல்லு மெட்டாஃபேஸ்லயே மாட்டிக்கிட்டு நிக்கும். விலங்கு செல்லுக்கு கொஞ்சமா போதும், செடி செல்லுக்கு நெறைய வேணும், ஆனா ரெண்டும் நின்னுரும். காலேஜ்ல குரோமோசோம் எண்ணுறதுக்காக வேர அதுல ஊற வைக்கிறது இதுக்குத் தான். ஆனா தம்பிகளா, வேலில பூத்திருக்குன்னு கிழங்கத் தோண்டி பரிசோதனை பண்றேன்னு கெளம்பிராதீங்க, கொஞ்சம் உள்ள போனாலும் ஆள கொல்லுற விஷம், நம்ம கிராமங்கள்ல அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி.

இன்னொண்ணு நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லின்னு ஒதுக்கி வச்சிருக்குற அதே செடி. அதுலேருந்து எடுக்குற வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் நுண்குழல தான் தடுக்குது, ரத்தப் புற்றுநோய் வந்த கொழந்தைங்களுக்கு வின்கிரிஸ்டின் இன்னைக்கும் குடுக்குறாங்க. அந்த மருந்து எடுக்குறவங்களுக்கு கை கால் மரத்துப் போறது ஏன்னா நரம்புக்குள்ள சரக்கு போற பாதையும் நுண்குழல் தான்.

ஆக நுண்குழல் போனா வெங்காயமும் நிக்கும், மனுஷ செல்லும் நிக்கும். சென்ட்ரோசோம் போனா? இத நெசமாவே பண்ணிப் பாத்திருக்காங்க. லேசர்ல சுட்டு சென்ட்ரோசோம அழிச்சாலும் விலங்கு செல்லு கதிர்கோல் கட்டிருது, குரோமோசோம சுத்தி கட்டுற வேற வழி உள்ளேயே இருக்கு. 2006ல வந்த ஒரு ஆராய்ச்சில சென்ட்ரியோல் ரெட்டிக்க முடியாத பழ ஈ-ய உண்டாக்குனாங்க, ஆரம்பத்துல தாய் குடுத்து விட்டத வச்சு ஓட்டிட்டு அப்புறம் சென்ட்ரியோலே இல்லாம முழு ஈ-யா வளந்து வெளிய வந்துச்சு. பிளனேரியான்னு தட்டப்புழு இருக்கே, வெட்டுனா வளருமே, அதோட செல்லு சென்ட்ரோசோமே இல்லாம தான் பிரியுது. நம்ம அம்மாக்களோட கருமுட்டையும் சென்ட்ரியோல தொலைச்சிட்டு தான் மியாசிஸ், அதாவது குரோமோசோம் பாதியாகுற பிரிவு முடிக்கும், கரு உண்டாகும்போது விந்தணு தான் அத கொண்டு வந்து குடுக்கும்.

அதுக்காக தேவையில்லாத சாமான்னு முடிவு கட்டிராதீங்க. எலிக்கு சென்ட்ரியோல் இல்லன்னா கருவுலயே செத்துருது. 2015ல பி.எல்.கே.4ஐ நிறுத்துற மருந்த குடுத்து பாத்தப்ப, நல்ல மனுஷ செல்லு சென்ட்ரோசோம இழந்ததும் பி53ங்கிற காவல் புரதம் குறுக்க வந்து மேற்கொண்டு பிரியறத நிறுத்திருச்சு, பல புற்று செல்லு மட்டும் சட்டை பண்ணாம பிரிஞ்சுக்கிட்டே போச்சு. சென்ட்ரோசோம் இருந்தா கதிர்கோல் சீக்கிரம் அமையும், துருவம் சரியா ரெண்டா இருக்கும், எந்தப் பக்கமா பிரியணும்ங்கிறதும் ஒழுங்கா இருக்கும். எண்ணிக்கை கூடுனா தான் வில்லங்கம். தியோடர் போவரி, இந்த உறுப்புக்கு 1888ல சென்ட்ரோசோம்னு பேரு வச்ச ஜெர்மன்காரரு, கடல் முள்ளெலி முட்டைல ரெண்டு விந்தணு சேந்தா துருவம் நாலாகி குரோமோசோம் தாறுமாறா பங்காகிறதையும் அப்படி வந்த கருக்கள் பெரும்பாலும் உருப்படாம போறதையும் பாத்தாரு. அத வச்சே 1914ல புற்றுநோயும் குரோமோசோம் பங்கு தப்புறதால வரலாம்னு எழுதுனாரு. இன்னைக்கு புற்று செல்லுல கூடுதல் சென்ட்ரோசோம் இருக்குறது சகஜமா பாக்குற ஒண்ணு.

இப்ப அந்த ஈ விஷயத்துக்கு வாங்க, முழுசா வளந்து வந்த ஈ என்னாச்சு? நடக்கத் தெரியாது, பறக்கத் தெரியாது, சீக்கிரமே செத்துருச்சு. ஏன்னா சென்ட்ரியோல் இல்லன்னா சிலியா, அதாவது செல்லு மேல முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குறது, இல்ல, அதோட உணர்வு நரம்புக்கு சிலியா வேணும். சென்ட்ரியோலுக்கு பதிலாள் இல்லாத வேலைன்னா அது இது தான். செல்லு பிரியாத நேரத்துல மூத்த சென்ட்ரியோல் செல்லோட மேல் தோலுக்கு போய் ஒட்டிக்கிட்டு அடித்தூணா நிக்கும், அதுலேருந்து தான் சிலியம் வளரும். விந்தணு வால் அப்படி வந்தது. பைபாஸ் ரோட்டுல வண்டி ஓட்டுறப்ப மூக்குக்குள்ள போற தூசிய சளியோட சேத்து வெளிய தள்ளுறதும் சிலியா தான், மூச்சுக்குழாய்ல ஒரு செல்லுலயே 200க்கு மேல இருக்கும், அவ்வளவுக்கும் அடில ஒரு சென்ட்ரியோல், மேல சொன்ன ஒண்ணுக்கு ஒண்ணு கணக்கு அங்க செல்லாது. கைடு புக்குல இத ஒரு வரில முடிச்சிருப்பாங்க, எனக்கு கேட்டா பிரிவ விட இதத் தான் ரெண்டு பக்கத்துக்கு எழுதணும்.

ரத்தத்துல டி செல்லுங்கிற ஒரு வெள்ளை அணு நோய் பிடிச்ச செல்ல கொல்லப் போகும்போதும் சென்ட்ரோசோம் எதிரி ஒட்டிக்கிட்டு இருக்குற பக்கத்துக்கு நகந்து வரும், விஷப் பை எல்லாம் நுண்குழல் வழியா சரியா அந்த எடத்துக்கு வந்து சேர. தலை சின்னதா பொறக்குற பிறவிக் குறைபாட்டுல ஒரு வகைக்கு சென்ட்ரோசோமும் கதிர்கோல் துருவமும் சம்பந்தப்பட்ட ஜீன் பழுது தான் காரணம், அம்மா அப்பா ரெண்டு பேரு கிட்டேருந்தும் பழுதான பிரதி வந்தா தான் அது வெளிப்படும், அதனால சொந்தத்துக்குள்ள கல்யாணம் நடக்குற குடும்பங்கள்ல வாய்ப்பு கூடுது.

விலங்கு செல்லுல பாத்தே ஆகணும்னா, கன்னத்து செல்ல சொரண்டிப் பாக்காதீங்க, மேலாப்புல இருக்குற அந்த செல்லு பிரியவே பிரியாது. லேப் சாமான் கடைல ஒயிட்ஃபிஷ் பிளாஸ்டுலா ரெடிமேட் ஸ்லைடு கேளுங்க. மீன் கருவோட வெட்டு அது. ரெண்டு துருவத்துலயும் ஆஸ்டர் கதிரா விரிஞ்சு இருக்குறது 40எக்ஸ்லயே தெரியும், அந்த கதிரெல்லாம் கூடுற நடுப்புள்ளி தான் சென்ட்ரோசோம் இருக்குற எடம். ஒரு ஸ்லைடு ஸ்கூலுக்கே பல வருஷம் வரும். வெங்காயத்தையும் அதையும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மைக்ராஸ்கோப்புல வச்சுட்டா பாதி பாடம் முடிஞ்சுது. மீனுல செல்லு நடுவுல இடுப்பு சிறுத்து பிரியும், வெங்காயத்துல நடுவுல சுவர் எழும்பும், அதையும் அப்பவே காட்டிருங்க.

ரெக்கார்டுல வெங்காயப் படத்துக்கு கீழ ஆஸ்டர் இல்லாத கதிர்கோல்னு எழுதுங்க, சென்ட்ரியோல் குச்சி வேணாம். வைவால சென்ட்ரோசோம் இல்லாம செல் பிரியுமான்னு கேட்டா பிரியும்னு சொல்லிட்டு வெங்காயத்தையே காட்டுங்க, மேல கேட்டா சிலியாவுக்கு வந்துருங்க. மிச்சமான வேர் நுனிகள 70 சதவீத ஆல்கஹால்ல போட்டு மூடி வச்சா அடுத்த பேட்ச்சுக்கு ஆகும், லேப் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதா இருந்தா பாட்டில் மேல என்னன்னு எழுதி ஒட்டிருங்க.